ஹே செயலியும் அடைப்புக்குறிக்குள் வந்த விதியும்

2020 ஜூன் 15, திங்கட்கிழமை. அமெரிக்காவின் பேஸ்கேம்ப் நிறுவனம் ‘ஹே’ என்ற மின்னஞ்சல் சேவையை, அழைப்பு கிடைத்தவர்களுக்கு மட்டும் திறந்துவிட்டது. ஆண்டுக்கு 99 டாலர். ஆப் ஸ்டோரில் ஏற்றும் முன் செயலிகளைச் சோதிக்கும் ஆப்பிளின் ரிவ்யூ குழு, ஐபோன் செயலியின் 1.0 பதிப்பை முன்னதாகவே பார்த்து, சரி என்று சொல்லி, ஸ்டோரில் ஏற்றியிருந்தது. அப்புறம் சில பிழைகளைத் திருத்தி 1.0.1 அனுப்பினார்கள். ரிஜெக்ட்.

திருத்திய இடத்தில் கோளாறு இல்லை. 1.0-விலும் அப்படியே இருந்த ஒன்றுதான் காரணம். செயலியைத் திறந்தால் ஒரு லாகின் பெட்டி வரும், அவ்வளவுதான். புதிதாகச் சேர வழி கிடையாது, பணம் கட்டவும் வழி கிடையாது. அதையெல்லாம் இணையதளத்தில் முடித்துவிட்டு வர வேண்டும். ஆப்பிளின் விதி 3.1.1, செயலிக்குள் பயன்படும் சேவைக்குக் காசு வாங்கினால் ஆப்பிளின் கட்டண வழியாகவே வாங்க வேண்டும் என்று அப்போது சொன்னது. அப்படி வாங்கினால் சந்தாவின் முதல் ஆண்டில் 30 சதவீதம் ஆப்பிளுக்கு. 99 டாலரில் ஏறக்குறைய 30 டாலர் போய்விடும். செயலிக்குள் கட்டணத்தைச் சேருங்கள், இல்லையென்றால் ஸ்டோரில் இடமில்லை என்றார்கள்.

பேஸ்கேம்பின் டேவிட் ஹைனமையர் ஹான்சன் ஜூன் 16 அன்று இதை ட்விட்டரில் போட்டு உடைத்தார். அவர் ஏற்கெனவே அந்த ஆண்டு ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு முன் பெரிய நிறுவனங்களின் ஆதிக்கம் பற்றிச் சாட்சியம் சொன்னவர். சும்மா இருப்பாரா? ஜூன் 16 அன்றுதான் ஐரோப்பிய ஆணையமும் ஆப் ஸ்டோர் விதிகள் மீது போட்டிச் சட்ட விசாரணையை அறிவித்தது. ஆப்பிளின் ஆண்டு டெவலப்பர் மாநாட்டுக்கு ஆறு நாள்தான் பாக்கி. ஆப்பிளுக்கு இதைவிட மோசமான வாரம் அமைந்திருக்காது.

30 சதவீதம் நியாயமா என்ற சண்டையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு அந்தப் பக்கம் போக விருப்பமில்லை. செயலிகளை ஸ்டோருக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்து காத்திருப்பதுதான் என் வேலையில் பாதி. அதனால் எனக்கு உறுத்தியது வேறு. விதி மாறவில்லை, செயலியின் முதல் திரையும் மாறவில்லை. ஒருவர் சரி என்றார், சில நாளில் இன்னொருவர் கூடாது என்றார். இதற்கு ஆப்பிள் கொடுத்த விளக்கம், முதலில் அனுமதித்ததுதான் தவறு என்பது. சரி, தவறு என்றால் அது எப்படி நேர்ந்தது, வேறு எத்தனை செயலிகளில் நேர்ந்திருக்கிறது? இந்தக் கேள்விக்கு அன்றும் பதில் வரவில்லை, இன்றும் வரவில்லை.

ஜூன் 18 தேதியிட்டு ஆப்பிளின் ரிவ்யூ வாரியம் பேஸ்கேம்புக்கு எழுதிய கடிதம் வெளியானது. உங்கள் செயலிகள் எட்டு ஆண்டுகளாக ஸ்டோரில் இருக்கின்றன, ஆனால் ஸ்டோருக்கு வருமானம் எதுவும் தரவில்லை என்று அதில் ஒரு வரி. தரம் பார்க்கும் குழு எழுதுகிற கடிதத்தில் வருமானப் பேச்சு எதற்கு? பரீட்சைத் தாளைத் திருத்துகிறவர், இந்தப் பையன் கேண்டீனில் எதுவும் வாங்கியதே இல்லை என்று ஓரத்தில் குறிப்பு எழுதியது போல இருந்தது.

கடிதத்தின் மற்றப் பகுதி விதியைப் பற்றியது. லாகின் பெட்டி மட்டும் உள்ள செயலிகளும் ஸ்டோரில் இருந்தன. நெட்ஃபிளிக்ஸ் அப்படித்தான். புத்தகம், பத்திரிகை, பாட்டு, வீடியோ போன்றவற்றுக்கு ‘ரீடர்’ செயலி என்று தனி விலக்கு உண்டு, மின்னஞ்சல் அந்தப் பட்டியலில் இல்லை. பேஸ்கேம்பின் பழைய செயலி அலுவலகங்களுக்கானது, அதனால் அது வேறு. ஹே தனிநபர்களுக்கானது. இப்படி ஒரு பிரிவினை ஆப்பிளின் மனதில் இருந்தது, ஆனால் விதிப் புத்தகத்தைப் படிக்கிற டெவலப்பருக்கு அது தெளிவாகக் கிடைக்கவில்லை. முதல் ரிவ்யூவருக்கும் கிடைத்திருக்காது என்றே தோன்றுகிறது.

ரிவ்யூ அறையின் கணக்கு

ஆப்பிளின் ரிவ்யூ அறைக்குள் என்ன நடக்கிறது என்று வெளியே தெரிந்த சந்தர்ப்பங்கள் குறைவு. முதல் சந்தர்ப்பம் 2009. கூகுள் வாய்ஸ் செயலி ஸ்டோருக்குள் வராமல் நின்றதும் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் ஆப்பிளிடம் விளக்கம் கேட்டது. அந்த ஆகஸ்டில் ஆப்பிள் எழுதிய பதிலில் சில எண்கள் இருந்தன. முழுநேர ரிவ்யூவர்கள் 40 பேருக்கு மேல். வாரத்துக்கு 8,500 புதிய செயலிகளும் அப்டேட்களும். ஒவ்வொன்றையும் குறைந்தது இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்கிறார்கள், எல்லோருக்கும் ஒரே அளவுகோல் இருக்க வேண்டும் என்பதற்காக.

அந்தக் கடைசி வாக்கியம் அழகானது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 8,500-ஐ இரண்டு முறை பார்த்தால் 17,000. அதை 40 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு வாரம் 425, நாளைக்கு 85. எட்டு மணி நேரம் தலை நிமிராமல் உட்கார்ந்தாலும் ஒரு செயலிக்கு ஐந்தரை நிமிடம்தான் கிடைக்கும். அதற்குள் இறக்கி, திறந்து, லாகின் செய்து, எல்லாப் பட்டனையும் தட்டி, விதியோடு ஒப்பிட வேண்டும்.

பத்தாண்டு கழித்து, 2019-இல், சிஎன்பிசி தொலைக்காட்சி அந்த அறையைப் பற்றி ஒரு செய்தி வெளியிட்டது. நாளொன்றுக்கு ஒருவர் 50 முதல் 100 செயலிகள் பார்க்க வேண்டும், மணிக்கு எத்தனை பார்த்தார் என்பதை ஒரு மென்பொருள் கணக்கெடுக்கிறது, பெரும்பாலானவற்றுக்குச் சில நிமிடங்களே போகின்றன. 2021-இல், கேம் தயாரிக்கும் எபிக் நிறுவனம் ஆப்பிள் மீது போட்ட வழக்கின்போது வெளியான விவரப்படி, வாரத்துக்கு ஒரு லட்சம் செயலிகள், ரிவ்யூவர்கள் சுமார் 500 பேர். ஆள் பன்னிரண்டு மடங்கு ஆனார்கள், வேலையும் பன்னிரண்டு மடங்கு ஆனது. ஒரு செயலிக்கான நிமிடங்கள் பெரிதாகக் கூடவில்லை.

சிஎன்பிசி செய்தியில் இன்னொரு தகவலும் இருந்தது. ரிவ்யூவரின் முடிவு பின்னால் மாற்றப்பட்டால் அது அவர் கணக்கில் ஏறும். தரக் கட்டுப்பாடே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தரக் கட்டுப்பாடு டெவலப்பர் சண்டைக்கு வந்தால்தான் விழித்துக்கொள்கிறது.

சண்டைக்கு வராதவர்களின் கதைக்கு எங்கள் அனுபவம் ஒன்றே போதும். எந்த ஸ்டோர் என்பது வேண்டாம். எங்கள் செயலியில் லாகின் செய்ய மொபைல் எண் கொடுத்து ஓடிபி போட வேண்டும். ரிவ்யூவர் எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறாரோ, இந்திய எண்ணுக்கு வரும் ஓடிபி அவருக்கு எப்படிக் கிடைக்கும்? அதனால் ரிவ்யூவுக்கென்றே ஒரு டெமோ எண்ணும், எப்போதும் மாறாத ஓர் ஓடிபியும் வைத்து, குறிப்பில் எழுதி அனுப்புவோம். இந்தியாவில் செயலி செய்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். ஏழெட்டு அப்டேட் அப்படியே போயின. ஒன்பதாவது திரும்பி வந்தது: லாகின் செய்ய முடியவில்லை. அவர்கள் இணைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்டில் டெமோ எண் சரியாக இருந்தது. ஓடிபி கட்டங்கள் ஆறும் காலி. குறிப்பைப் படிக்கவே இல்லை என்பது படத்திலேயே தெரிந்தது.

நான் விளக்கக் கடிதம் தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன். பக்கத்து நாற்காலிப் பையன் சிரித்தான். “எதுக்குண்ணா இவ்ளோ எழுதுறீங்க? பில்ட் நம்பர மட்டும் மாத்தித் திரும்பப் போடுங்க. வேற ஆளுக்கு விழும்.” செயலியில் எதையும் தொடாமல், பதிப்பைக் குறிக்கும் அந்த எண்ணை மட்டும் மாற்றிப் போட்டேன். வேறு ஆளுக்குத்தான் விழுந்திருக்க வேண்டும். மாலைக்குள் அப்ரூவ்.

அந்த ரிஜெக்ட் ஸ்டோரின் கணக்கில் எப்படிப் பதிவாகியிருக்கும்? டெவலப்பர் குறையைச் சரிசெய்து மறுபடி அனுப்பினார், அனுமதி தரப்பட்டது என்றுதான். ரிவ்யூவர் செய்த தவறு எங்கள் திருத்தமாகப் பதிவாகிவிட்டது. அப்பீல் இல்லை, ஆகவே முடிவு மாற்றப்படவும் இல்லை. அவர் கணக்கு சுத்தம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஆப்பிள் 2022-ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட வெளிப்படைத்தன்மை அறிக்கையைப் பார்க்கலாம். டெவலப்பர்கள் போட்ட ஒரு வழக்கின் சமரசத்தில் ஒப்புக்கொண்டதால் வெளியிட்ட அறிக்கை அது. அந்த ஆண்டு ரிவ்யூவுக்கு வந்தவை 61 லட்சத்துக்குச் சற்று மேல். ரிஜெக்ட் ஆனவை ஏறத்தாழ 16 லட்சத்து 80 ஆயிரம். அவற்றில் பின்னர் அனுமதி பெற்றவை சுமார் இரண்டரை லட்சம். இந்த இரண்டரை லட்சத்தில் உண்மையாகவே குறையைத் திருத்தியவை எத்தனை, எங்களைப் போல பில்ட் நம்பரை மாற்றியவை எத்தனை? இரண்டும் ஒரே எண்ணுக்குள் கிடக்கின்றன.

ஜூன் 22-க்குப் பிறகு

ஹே விவகாரம் எப்படி முடிந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆப்பிளின் ஃபில் ஷில்லர் அந்த வாரம் கொடுத்த பேட்டியில், செயலியை இறக்கினால் எதுவும் வேலை செய்யவில்லை என்ற நிலை எங்களுக்குப் பிடிக்காது, இலவசமாக ஏதாவது கொடுக்கலாமே என்ற ரீதியில் பேசினார். பேஸ்கேம்ப் அதைப் பிடித்துக்கொண்டது. 14 நாள் மட்டும் உயிரோடிருக்கும், தாறுமாறான எழுத்துகள் கொண்ட ஓர் இலவச மின்னஞ்சல் முகவரியைச் செயலியிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்று மாற்றி அனுப்பினார்கள். யாருக்கு அப்படி ஒரு முகவரி தேவை? யாருக்கும் இல்லை. ஆனால் இறக்கினால் ஏதோ ஒன்று வேலை செய்கிறது அல்லவா? ஜூன் 25 அன்று ஹே எல்லோருக்கும் திறக்கப்பட்டது.

ஜூன் 22 அன்று, மாநாடு தொடங்கிய நாளில், ஆப்பிள் இரண்டு மாற்றங்களை அறிவித்தது. ஏற்கெனவே ஸ்டோரில் இருக்கும் செயலியின் பிழைத் திருத்தங்களை, சட்டச் சிக்கல் இல்லாதவரை, விதிமீறலைக் காட்டி நிறுத்தி வைக்க மாட்டோம் என்பது ஒன்று. டெவலப்பர்கள் முடிவை எதிர்த்து மட்டுமல்ல, விதியையே எதிர்த்தும் கேள்வி எழுப்பலாம் என்பது இன்னொன்று.

முதல் மாற்றம் நிஜமாகவே நல்லது. தப்பும் தவறுமாக ஓடும் செயலி பயனர் கையில் இருக்கும்போது, வேறொரு தகராறுக்காக அதன் மருந்தைத் தடுத்து வைப்பது அராஜகம். ஆனால் கவனியுங்கள், இந்த மாற்றம் இரண்டு ரிவ்யூவர்கள் இரண்டு விதமாகச் சொன்னதைத் தொடவில்லை. அதனால் வரும் வலியைக் குறைக்கிறது, அவ்வளவுதான்.

அந்த மாற்றங்கள் நடைமுறைக்கு வர ஆகஸ்ட் இறுதி ஆனது. அதற்கு ஒன்பது பத்து நாள் முன்பு வேர்ட்பிரஸ் மாட்டிக்கொண்டது. எதையும் விற்காத இலவசச் செயலி. இணையதளத்தில் உள்ள கட்டணத் திட்டங்களைப் பற்றி உள்ளே எங்கோ ஒரு மூலையில் படிக்க முடிகிறது என்று சொல்லி, செயலிக்குள் கட்டணம் சேர்க்கும்வரை அப்டேட் கிடையாது என்று பூட்டிவிட்டார்கள். வேர்ட்பிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான மேட் முல்லன்வெக் ட்விட்டரில் எழுதினார். மறுநாள் ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது. ட்விட்டரில் லட்சக்கணக்கானோர் பின்தொடரும் ஆள் எழுதினால் ஒரே நாள். கோயம்புத்தூரிலோ யாழ்ப்பாணத்திலோ தனியாக உட்கார்ந்து செயலி செய்கிறவர் எழுதினால்? 2010-இல் ஆப்பிள் முதன்முதலாக விதிகளை வெளியிட்டபோதே, பத்திரிகைகளிடம் போய் எங்களைத் திட்டுவதால் பயனில்லை என்று அதில் எழுதியிருந்தது. நடந்ததையெல்லாம் பார்த்தால் அதுதான் இருப்பதிலேயே வேகமான அப்பீலாக இருந்திருக்கிறது.

அப்புறம் செப்டம்பர் 11. அன்று புதுப்பித்த விதிகளில் 3.1.3-இன் கீழ் புதிதாக ஓர் உட்பிரிவு வந்தது. இணையத்தில் காசு வாங்கும் சேவைக்குத் துணையாக இருக்கும் இலவசச் செயலி, உள்ளே எதையும் விற்காமலும் வெளியே போய் வாங்கச் சொல்லாமலும் இருந்தால், ஆப்பிளின் கட்டண வழி தேவையில்லை. அடைப்புக்குறிக்குள் எடுத்துக்காட்டுகள்: இணையவழிப் பேச்சு, கிளவுட் சேமிப்பு, மின்னஞ்சல் சேவை, இணையதள ஹோஸ்டிங். மின்னஞ்சல் என்றால் ஹே. ஹோஸ்டிங் என்றால் வேர்ட்பிரஸ். அந்தக் கோடைக்காலத்துச் சண்டைகள் இரண்டும் நான்கு சொற்களாகி அடைப்புக்குறிக்குள் போய் உட்கார்ந்துவிட்டன.

தவறுகளைப் பிரித்துப் பார்த்தால்

ரிவ்யூ என்றாலே நல்லதைத் தடுக்கும் தவறை மட்டுமே டெவலப்பர்கள் பேசுகிறோம். கெட்டதை விடும் தவறும் இருக்கிறது, அதில் அடிபடுவது பயனர்கள். 2024 பிப்ரவரியில் லாஸ்ட்பாஸ் என்ற கடவுச்சொல் காப்பகத்தின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, லோகோவைக் காப்பியடித்த போலி ஒன்று ஆப்பிள் ஸ்டோரில் இருந்தது. அசல் நிறுவனமே எச்சரிக்கை வெளியிட வேண்டியிருந்தது. அதைப் பார்த்த ரிவ்யூவருக்குத் தேவையான விதி தெளிவாகவே இருக்கிறது: பிறரைக் காப்பியடிக்கக் கூடாது. விதி இருந்தது, கண்ணில் படவில்லை.

2021-இல் வெளிவந்த ட்ரெசர் கதை வேறு ரகம். ட்ரெசர் என்ற கிரிப்டோ நாணயப் பெட்டியின் பெயரில் ஒரு போலிச் செயலி, அதை நம்பிய ஒருவர் 17 பிட்காயினுக்கு மேல் இழந்தார். ஆப்பிள் சொன்ன விளக்கம், அது ரிவ்யூவுக்கு வந்தபோது கோப்புகளைப் பூட்டிவைக்கும் கருவி என்றுதான் வந்தது, பின்னால்தான் நாணயப் பெட்டியாக வேஷம் மாறியது. அன்றைக்குப் பார்த்தவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. ஏற்றியதைத் திரும்பப் போய்ப் பார்க்காததுதான் ஓட்டை.

ஹேயில் நடந்தது இந்த இரண்டும் அல்ல. அங்கே விதியே இரண்டு விதமாகப் படிக்க இடம் கொடுத்தது. மூன்றுக்கும் மருந்து வெவ்வேறு. ரிவ்யூவரின் கவனக்குறைவுக்கு அப்பீல் ஓரளவு உதவும். வேஷம் மாறும் செயலிக்கு அப்பீல் எதற்கும் ஆகாது, மோசடிக்காரன் அப்பீல் செய்யப் போவதில்லை. விதியே மங்கலாக இருந்தால், முடிவைத் தலைகீழாக மாற்றினாலும் அடுத்த செயலிக்கு அதே குழப்பம் வரும். மூன்றையும் ரிஜெக்ட் எண்ணிக்கை, அப்பீல் எண்ணிக்கை என்ற இரண்டு பெட்டிகளில் போட்டால் எதுவும் தெரியாது.

நம் பல்கலைக்கழகங்களில் சில தேர்வுகளுக்கு இரட்டைத் திருத்தம் உண்டு. முதல் ஆசிரியர் போட்ட மதிப்பெண் இரண்டாமவருக்குத் தெரியாது. இருவருக்கும் இடையே பெரிய வித்தியாசம் வந்தால் தாள் மூன்றாமவரிடம் போகும். இதில் மாணவர் புகார் செய்ய வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் விஷயம். வித்தியாசம் தானே தலைகாட்டும். எந்தக் கேள்வியில் அடிக்கடி வித்தியாசம் வருகிறது என்று பார்த்தால், திருத்தியவரைவிடக் கேள்வி எழுதியவர் மேல் சந்தேகம் வரும்.

2009-இல் ஆப்பிள் இரண்டு பேர் பார்க்கிறார்கள் என்றது இந்தப் பாதையில்தான். ஆனால் முந்தையவர் சொன்னதைத் தெரிந்துகொண்டு பார்க்கிற இரண்டாமவர் தலையாட்டுவார், அது மனித சுபாவம். தெரியாமல் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் அல்ல, நூற்றில் ஒன்றை. 61 லட்சத்தில் ஒரு சதவீதம் 61,000. நாளைக்கு 170-க்கும் குறைவு. ஆளுக்கு 50 என்று வைத்தாலும் நான்கு பேர் போதும். 500 பேர் உள்ள இடத்தில் நான்கு பேர்! செலவு இதற்குத் தடையில்லை.

அந்த நூற்றில் ஒன்றில் முரண்பட்டவற்றை விதி எண்வாரியாகப் பிரித்தால், 3.1.1-இல் குவியல் விழுந்திருக்கும் என்று நான் பந்தயமே கட்டுவேன். ஹே வருவதற்கு முன்பே அந்த விதியைத் திருத்தியிருக்கலாம். இருவரும் சேர்ந்தே தவறினால் இந்த முறை காட்டாது, உண்மைதான். அதற்கு விமான நிலையத்தில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். எக்ஸ்ரே திரையைப் பார்க்கிறவருக்கு, பையில் இல்லாத துப்பாக்கியின் படத்தை அவ்வப்போது மென்பொருளே நுழைத்துக் காட்டும். பிடித்தாரா என்று பார்க்கும். ரிவ்யூ வரிசையிலும் லோகோ திருடிய போலிச் செயலிகளை இப்படிக் கலந்து அனுப்பலாம். மணிக்கு எத்தனை என்று எண்ணுகிற மென்பொருளுக்கு இதை எண்ணுவது கஷ்டமா என்ன?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், முரண்பாட்டைக் கண்டுபிடித்துத் தீர்த்த பிறகு அதை எங்கே வைப்பது என்பது. நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தால் காரணத்தோடு பதிவாகும், அடுத்த வழக்கறிஞர் அதைக் காட்டி வாதிடலாம். செயலி ஸ்டோரில் ஹே செயலிக்குக் கிடைத்தது நான்கு சொல் அடைப்புக்குறி. மின்னஞ்சல் ஏன் அதில் சேர்ந்தது என்ற காரணம் எங்கும் எழுதப்படவில்லை. காரணம் இருந்தால் புதிதாக வருவதற்கும் பொருத்திப் பார்க்கலாம். பட்டியல் மட்டும் இருந்தால், ரிவ்யூவர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்றுதான் தேடுவார். ஐந்து நிமிடத்தில் அவரால் முடிந்ததும் அதுதான்.

2024 ஜனவரியில் அதே நிறுவனம் ‘ஹே காலண்டர்’ என்ற செயலியை அனுப்பியது. மின்னஞ்சலுக்குப் பணம் கட்டியவர்களுக்கு அதே சந்தாவில் காலண்டரும். திறந்தால் லாகின் பெட்டி. ரிஜெக்ட்: பணம் கட்டாதவர் இறக்கினால் செயலி எதுவும் செய்யவில்லை. மறுபடி ட்விட்டர் சண்டை. இந்த முறை பேஸ்கேம்ப் ஆட்கள் 14 நாள் முகவரியெல்லாம் யோசிக்கவில்லை. லாகின் செய்யாதவர்களும் பார்க்கலாம் என்று ஆப்பிள் நிறுவன வரலாற்றின் முக்கிய நாட்களைக் காலண்டரில் குறித்து அனுப்பினார்கள். அப்ரூவ் ஆனது.